தோன்றா எழுவாய்

2013 ஜூலை 8, திங்கட்கிழமை, காலை 10.20

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கு நான் சுகம். இடது கண்ணில் புரை முற்றிவிட்டதாக மருத்துவர் சொல்கிறார். வரிகள் சற்றுச் சாய்ந்திருந்தால் பொறுத்துக்கொள். உன் முழங்கால், மகள், மருமகன் ஆகிய மூன்றின் நலத்தையும் பதிலில் தெரிவிக்கவும். உனக்குக் காது மந்தமான பிறகு தொலைபேசியில் எதையும் ஐயமறப் பேசி முடிக்க இயலவில்லை. ஆகவே எழுத்தில் தருகிறேன். எழுத்து நல்லது. பின்னால் யாரும் மறுக்க முடியாது.

நம் அக்கா காலமாகி (பிப்ரவரி 9, சனிக்கிழமை, மாலை 4.35) நேற்றோடு நூற்று நாற்பத்தெட்டு நாள் ஆகின்றன. முதலாண்டு நினைவு நாள் அடுத்த பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. அன்று வழிபாடு முடிந்ததும் சபையாரும் பழைய மாணவர்களும் சேர்ந்து நினைவு மலர் ஒன்றை வெளியிடுகிறார்கள். வாழ்க்கைக் குறிப்பு எழுதும் பொறுப்பு என்னுடையது. பதிவு அலுவலகத்தில் முப்பத்தெட்டு ஆண்டு பிறருடைய பத்திரங்களில் தேதி சரிபார்த்தவனிடம் வேறெதைக் கொடுப்பார்கள்? "காலண்டர் அண்ணன விட்டா வேற யாரு?" என்று போதகரே சிரித்தார். குறிப்பின் கீழே, தொகுத்தவர்கள் என்று நாம் இருவரும் இடம்பெறுவோம். ஆகையால் உன் ஒப்புதல் தேவை. வரைவு பின்வருமாறு:

"மாணவர்களால் 'எழுவாய் டீச்சர்' என்று அன்போடு அழைக்கப்பட்ட எங்கள் அக்கா 1931 ஆகஸ்ட் 21, வெள்ளிக்கிழமை பிறந்தார். தாயார் நோயுற்றதால் சிறுவயதிலேயே தம்பியையும், பின்னர் தங்கையையும் வளர்த்தார். மணம் செய்துகொள்ளவில்லை. 1955 ஜூன் 6, திங்கட்கிழமை, தமிழாசிரியையாகப் பணியேற்றார். முப்பத்து நான்கு ஆண்டு சபையின் ஞாயிறு வகுப்பை நடத்தினார். 1991 அக்டோபர் 17, வியாழக்கிழமை, பணி நிறைவு பெற்று, நோயுற்றிருந்த தம்பி மனைவியைப் பேணும் குடும்பப் பணிக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார்."

பள்ளிப் பணி மொத்தம் 36 ஆண்டு, 4 மாதம், 11 நாள். திருத்தம் இருப்பின் இம்மாத இறுதிக்குள் எழுதவும். அனைவருக்கும் என் ஆசிகள்.

உன் அண்ணன்

*

27.7.2013

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கையின் வணக்கம். நீங்கள் கேட்ட மூன்றும் நலம். மழை வருவதை என் முழங்கால் மருமகனின் கைபேசிக்கு முன்பே சொல்லிவிடுகிறது. காது போனதிலும் ஒரு லாபம் உண்டு. செவிடி காதில் ஊதிய சங்கு என்று நினைத்துக்கொண்டு வீட்டில் எல்லாரும் என் எதிரிலேயே உண்மை பேசுகிறார்கள். கண் அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள்.

வரைவைப் படித்தேன். தேதியில் உங்களிடம் குறை கண்டுபிடிக்க எனக்கு இன்னொரு பிறவி வேண்டும். ஆனால் அந்தப் "பணி நிறைவு" என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது. அக்டோபர் மாதம், வாரத்தின் நடுவில், மூன்றாவது பாடவேளையில் யாருக்காவது பணி நிறையுமா அண்ணா? வகுப்பிலிருந்து கூப்பிட்டு, கையில் காகிதத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். பள்ளியில் சேர்க்கும்போது அப்பா அவள் வயதை இரண்டு வருஷம் குறைத்துச் சொன்னதை எவரோ மொட்டைக் கடிதம் போட்டுக் காட்டிக்கொடுத்தார்கள். பதிவேட்டின்படி 1993 வரை இருக்க வேண்டியவள். தலைமையாசிரியை நாற்காலிக்கு அடுத்த ஆள் அவள்தான், பெயர்ப்பலகைக்குக்கூடச் சொல்லியாகிவிட்டது. அதற்குப் போய் நிறைவு என்கிறீர்களே.

ஏன் எழுவாய் டீச்சர் என்று பெயர் வந்தது என்றும் எழுதுங்கள். எவன் எந்த வாக்கியம் சொன்னாலும் "எழுவாய் எங்கடா?" என்று கேட்பாள். செய்த ஆளைச் சொல்லாமல் வாக்கியம் மட்டும் நின்றால் அதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயர். "கண்ணுக்குத் தெரியலைன்னா ஆள் இல்லைன்னு அர்த்தம் இல்லடா, ஒளிஞ்சிருக்கான்னு அர்த்தம்" என்பாள். அந்த மொட்டைக் கடிதமும் அப்படித்தான்.

நடந்ததை நடந்தபடி ஒரு வரி எழுதுங்கள். மற்றதெல்லாம் சரி.

உங்கள் தங்கை

*

2013 ஆகஸ்ட் 6, செவ்வாய்க்கிழமை, காலை 11.05

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணனின் ஆசிகள். உன் கடிதம் ஆகஸ்ட் 1, வியாழக்கிழமை வந்தது. உடல்நலம் முன்போலவே. வழக்கம்போல் நீ கிழமை குறிப்பிடவில்லை. கிழமையில்லாத தேதி பொத்தானில்லாத சட்டை என்று உனக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்.

உன் ஆட்சேபத்தைக் கருத்தில் கொண்டேன். எனினும் நினைவு மலர் என்பது புகார் மனு அன்று. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் படிப்பார்கள். பணி நிறைவு என்பது அலுவலக வழக்கில் உள்ள சொல். எக்காரணத்தால் பணி முடிந்தாலும் பொருந்தும். பதிவேட்டில் இருந்தது பிழை. பிழை திருத்தப்பட்டது. அறுபது வயதில் எல்லாருக்கும் நேர்வதே அக்காவுக்கும் நேர்ந்தது. யாரால் தெரியவந்தது என்பதை இருபத்திரண்டு ஆண்டு கழித்துக் கிளறுவதால் யாருக்கு என்ன பயன்?

அதன்பின் உன் அண்ணிக்கு அவர் செய்த பணிவிடையை நீ அறிவாய். 1998 ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை, அவள் கண்ணை மூடும்வரை ஆறு ஆண்டு, ஏழு மாதம், இருபத்தெட்டு நாள் முதுகில் ஒரு புண் வரவில்லை. மருத்துவரே வியந்தார். மலரில் நிற்க வேண்டியது அது. மாணவர்கள் இட்ட பெயரின் காரணத்தைச் சேர்த்துக்கொள்கிறேன். அது நல்ல யோசனை.

வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

உன் அண்ணன்

*

30.8.2013

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லாரும் நலம். அங்கேயும் நலம் என்று நம்புகிறேன்.

யாருக்கு என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வியாழக்கிழமை நான் உங்கள் வீட்டில் இருந்தேன், மறந்துவிட்டீர்களா? அண்ணிக்குத் துணையாக இரண்டு வாரம் வந்திருந்தேன். பகல் பன்னிரண்டு இருக்கும். அக்கா வந்து நின்றாள். வலக்கை விரலெல்லாம் சாக்பீஸ் தூள். நான் பதறிப்போய், "என்னக்கா இந்த நேரத்துல?" என்றேன். "பாடம் பாதியில நிக்குதுடி. நாளைக்கு வர்றவங்களுக்கு எங்க விட்டேன்னு தெரியாது" என்றாள். வேலை போனதைச் சொல்லவில்லை. பாடம் நின்றதைத்தான் சொன்னாள். நீங்கள் உள்ளறையிலிருந்து வந்து, "வந்துட்டியாக்கா" என்றீர்கள். அவள் உங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வந்துட்டேன் தம்பி" என்று சொல்லிவிட்டு, கை கழுவிக்கொண்டு நேரே அண்ணியின் அறைக்குப் போனாள்.

அதோடு முடிந்ததா? நவம்பர் முதல் ஞாயிறு சபை மூப்பர்கள் அவளைக் கூப்பிட்டார்கள். "சத்தியத்தைப் பத்திப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கறவங்க வயசுல பொய் சொல்லியிருக்கக் கூடாதில்ல டீச்சர்? கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்குங்க." எட்டு வயதில் அப்பா சொன்ன பொய்க்கு அறுபது வயதில் அவள் வாயை அடைத்தார்கள். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. சாகும்வரை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அதே சபைதான் இப்போது வழவழத் தாளில் அவள் படத்தைப் போடுகிறது. நீங்கள் முப்பத்து நான்கு ஆண்டு நடத்தினார் என்று எழுதிவிட்டு, ஏன் நின்றது என்று எழுதாமல் தாண்டிப் போகிறீர்கள்.

மோசக்காரி என்ற பேச்சு ஊரில் இன்னும் இருக்கிறது. அவள் செய்யவில்லை என்று ஒருவராவது எழுத்தில் வைக்க வேண்டாமா? எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பள்ளியின் பழைய எழுத்தருக்கு எழுதி, அந்த மொட்டைக் கடிதத்தில் என்ன இருந்தது என்று கேட்கப்போகிறேன். அவர் முகவரி மகள் மூலம் கிடைத்தது.

கண்ணைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை

*

2013 செப்டம்பர் 11, புதன்கிழமை, காலை 9.40

அன்புள்ள தங்கைக்கு,

ஆசிகள். நலமே. எழுத்தருக்கு எழுத வேண்டாம். அவருக்கு எண்பது வயது, நினைவு தடுமாறும். முதியவரைத் தொந்தரவு செய்வது முறையன்று.

அச்சகத்தாரோடு பேசினேன். மலர் நாற்பது பக்கம். படத்திற்கு மூன்று தேர்வுகள் இருந்தன. 1974ஆம் ஆண்டு ஆசிரியர் குழுப் படத்திலிருந்து அக்காவை மட்டும் பெரிதாக்கி எடுத்தால் பக்கத்தில் நிற்பவரின் தோள் வருகிறது. இன்னொன்றில் பல் தெரியச் சிரிக்கிறார். நினைவு மலருக்கு ஒவ்வாது. ஆகையால் 1988ஆம் ஆண்டுப் படத்தையே தேர்ந்தேன். அட்டை நிறம் வெளிர்நீலமா, பழுப்பா என்று உன் கருத்தை எழுதவும். எழுத்தளவு பன்னிரண்டு போதாது, பதினான்கு வேண்டும் என்று வலியுறுத்தியிருக்கிறேன்.

பிற பின்னர்.

உன் அண்ணன்

*

18.10.2013

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நலம். அட்டை எந்த நிறமாக இருந்தாலும் சரி.

உங்கள் கடிதம் வருவதற்குள் நான் எழுத்தருக்கு எழுதிவிட்டேன். பதில் வந்தது. அவர் நினைவு என் காதைவிட நன்றாக இருக்கிறது. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"அம்மா, உறையைப் பிரித்தவன் நான்தான். தட்டச்சு செய்த கடிதம், கையொப்பம் இல்லை. மரியாதையாகத்தான் எழுதியிருந்தது. பதிவேட்டிலுள்ள ஆண்டு தவறு, சரியானது இது என்று ஒரே பத்தி. வழக்கமாக இம்மாதிரிக் கடிதங்களைக் கிழித்துப்போடுவோம். ஆனால் அதில் 1931 ஆகஸ்ட் 21, வெள்ளிக்கிழமை, காலை ஆறேகால் மணி என்று இருந்தது. பிறந்த நேரம்வரை சொல்கிறவர் சும்மா சொல்லமாட்டார் என்று தலைமையாசிரியர் மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார்."

காலை ஆறேகால் மணி. எனக்கு நான் பிறந்த நேரம் தெரியாது. அப்பா நம் மூவர் பிறப்பையும் கிழமை, மணியோடு எழுதி வைத்த நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறது என்று மட்டும் தெரியும். அப்பா போன 1968லிருந்து அது உங்கள் அலமாரியில் இருக்கிறது. எனக்குக்கூட நீங்கள் அதைத் திறந்து காட்டியதில்லை. தாள் உதிரும் என்பீர்கள்.

மொட்டைக் கடிதம் எழுதுகிறவன் பெயரை மறைக்கலாம். பழக்கத்தை எங்கே கொண்டுபோய் மறைப்பான்?

நான் ஒன்றும் சொல்லவில்லை அண்ணா. கேட்கிறேன். பதில் எழுதுங்கள்.

உங்கள் தங்கை

*

2013 டிசம்பர் 2, திங்கட்கிழமை, காலை 10.00

அன்புள்ள தங்கைக்கு,

ஆசிகள். உன் கடிதம் அக்டோபர் 24, வியாழக்கிழமை கிடைத்தது. பதில் முப்பத்தொன்பது நாள் தாமதம். நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை, கண்ணில் அறுவை நடந்தது. தாமதத்தில் பாதிக்கு அது காரணம்.

நீ கேட்டதற்கு விடையாக 1991ஆம் ஆண்டைப் பற்றிச் சில விவரங்கள். மார்ச் 11, திங்கட்கிழமை, உன் அண்ணி பக்கவாதத்தில் விழுந்தாள். வலப்பக்கம் முழுவதும் போயிற்று, பேச்சும் போயிற்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் ஒன்பதரைக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டும். துணைக்கு வைத்த நான்கு பெண்களில் ஒருத்தியும் ஒரு மாதம் தாண்டவில்லை. அலுவலகத்தில் பிறருடைய வீடு, நிலத்துக்கு எல்லை சரிபார்த்துக்கொண்டிருப்பேன். இங்கே அவள் ஈரத்தில் கிடப்பாள். மாலை கதவைத் திறக்கும்போது அவள் பார்க்கும் பார்வையை நீ பார்த்ததில்லை.

அக்கா பள்ளிக்கருகே அறையெடுத்துத் தனியே இருந்தார். மூன்று முறை கேட்டேன். ஏப்ரல் 21, ஜூன் 2, ஆகஸ்ட் 4. மூன்றும் ஞாயிற்றுக்கிழமை. மூன்று முறையும் ஒரே பதில்: "இன்னும் ரெண்டே வருஷம் பொறுத்துக்கடா தம்பி. சனி, ஞாயிறு நான் வந்து பாத்துக்கறேன்ல." வாரத்தில் மீதி ஐந்து நாள் இருக்கின்றன. அந்த இரண்டு ஆண்டும் சட்டப்படி அவருக்கு உரியவை அல்ல.

அந்தக் கடிதத்தில் ஓர் எழுத்தும் பொய் இல்லை. அது செப்டம்பர் 23, திங்கட்கிழமை எழுதப்பட்டது. அதாவது அவருக்கு அறுபது நிறைந்து முப்பத்து மூன்று நாள் கழித்து. நியாயமாக அவருக்குச் சேர வேண்டிய ஒரு நாளும் குறையலாகாது என்றே அவ்வளவு நாள் காத்திருந்து எழுதப்பட்டது என்று கொள்ளலாம். சபை மூப்பர்கள் அப்படி நடந்துகொள்வார்கள் என்பது எதிர்பார்க்கப்படவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்

*

19.12.2013

அண்ணா,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை. கண் சரியாகியிருக்கும். உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன்.

எழுத்தர் எனக்கு அந்தக் கடிதத்தின் தேதியைச் சொல்லவே இல்லை. நீ சொல்லியிருக்கிறாய், கிழமையோடு. "எழுதப்பட்டது." "எதிர்பார்க்கப்படவில்லை." காற்றா எழுதியது? பேயா எதிர்பார்க்கவில்லை?

நீ 1991ஐப் பற்றி எழுதினாய். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்த ஒன்றை எழுதுகிறேன். அக்கா வாழ்நாளில் ஒரே ஒரு தடவை சொன்னது. அவள் பள்ளிக்கூடம் போக வேண்டிய ஆறு வயதில் அம்மா படுத்த படுக்கை. உனக்கு இரண்டு வயது, இறக்கிவிட்டால் அழுவாய். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடச் சன்னலுக்கு வெளியே நின்று பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பதைக் கேட்பாளாம். இரண்டு வருஷம் வெளியே நின்றாள். நீ அழாமல் இறங்கி விளையாடத் தொடங்கிய பிறகுதான் அப்பா அவளைச் சேர்த்தார். எட்டு வயதுப் பெண்ணை ஒன்றாம் வகுப்பில் எடுக்கமாட்டார்கள் என்று ஆறு என்று சொன்னார். அவளுக்கு உரியவை அல்ல என்று கணக்குப் பார்க்கிறாயே, அந்த இரண்டு வருஷமும் நீ அவள் இடுப்பில் உட்கார்ந்து தின்ற வருஷம். ஒரே ஆளிடம் ஒன்றை இரண்டு தடவை பிடுங்க உன்னால் மட்டும்தான் முடியும்.

இன்னொன்றும் கேள். எழுத்தருக்கு மறுபடி எழுதினேன். தலைமையாசிரியர் அந்தக் கடிதத்தை அக்கா கையில் கொடுத்தாராம். அவள் படித்துவிட்டு நான்காக மடித்தாளாம். "யாரும்மா இப்படிப் பண்ணியிருப்பாங்க?" என்று எழுத்தர் கேட்டிருக்கிறார். "தேதி சரியாத்தான் சார் இருக்கு" என்றாளாம். பிறகு வாசலில் அவரைத் தனியே நிறுத்தி, "இத யாருக்கும் காட்டாதீங்க. வீட்ல உடம்பு முடியாதவ ஒருத்தி இருக்கா, அவ காதுல விழக் கூடாது" என்றாளாம். அண்ணியும் இல்லை, டீச்சரும் இல்லை, இனி யாருக்காக மறைப்பது என்று கேட்டு எழுதியிருக்கிறார் அந்த மனிதர்.

ஆக, சாக்பீஸ் கையோடு உன் வாசலில் நின்றபோதே அவளுக்குத் தெரியும்.

மலரில் யார் எழுதினார்கள், ஏன் எழுதினார்கள் என்று ஒரு வரி வர வேண்டும். உன் கையால் வர வேண்டும். இல்லாவிட்டால் தொகுத்தவர்களில் என்னை அடித்துவிடு. பிப்ரவரி 9ஆம் தேதி நான் வரமாட்டேன்.

தங்கை

*

2014 ஜனவரி 6, திங்கட்கிழமை, காலை 11.30

அன்புள்ள தங்கைக்கு,

ஆசிகள். உன் கடிதம் டிசம்பர் 26, வியாழக்கிழமை கிடைத்தது. உனக்குப் பத்து வயதான பிறகு நீ என்னை 'நீ' என்று அழைத்தது இதுவே முதல் முறை. குறையாகச் சொல்லவில்லை. குறித்துக்கொள்கிறேன்.

அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. இருபத்தோராண்டு, மூன்று மாதம், இருபத்து மூன்று நாள் இந்த வீட்டில் இருந்தார். ஒரு சொல்லும் சொன்னதில்லை. உன்னிடமாவது என்னைப் பற்றி ஏதேனும் சொன்னதுண்டா? இருந்தால், கடுமையாக இருப்பினும் எழுதவும்.

ஒன்று இப்போது தோன்றுகிறது. முன்பெல்லாம் வார இறுதியில் வரும்போது மாலை ஜெபத்தை அவர்தான் நடத்துவார். இங்கேயே வந்து தங்கிய பிறகு ஒரு நாளும் நடத்தவில்லை. "நீயே பண்ணுடா, நான் கேக்கறேன்" என்பார். குடும்பத் தலைவனுக்குக் கொடுக்கும் மரியாதை என்று எண்ணியிருந்தேன். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட மாலைகள் அவர் எதிரில் மண்டியிட்டு, எங்கள் பாவங்களை மன்னியும் என்று உரக்கச் சொல்லியிருக்கிறேன். எங்கள் என்று அவரையும் சேர்த்துக்கொண்டு. முடிவில் அவர் ஆமென் சொன்னாரா என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன். தேதிகள் வருகின்றன. குரல் வரவில்லை.

வரியைத் திருத்தியிருக்கிறேன்: "1991இல், அவருடைய பிறந்த தேதி குறித்துப் பள்ளிக்குத் தெரிவிக்கப்பட்டதன் பேரில், அவர் குற்றம் ஏதுமின்றிப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்." இது உனக்கு நிறைவளிக்கும் என நம்புகிறேன்.

உன் அண்ணன்

*

16.1.2014

அண்ணா,

இங்கே எல்லாரும் நலம்.

உன்னைப் பற்றி அக்கா என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை. "தம்பி வேளைக்குச் சாப்பிடறான்" என்பதைத் தவிர.

தெரிவிக்கப்பட்டது, விடுவிக்கப்பட்டார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இப்படி எழுதினால் அவள் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பாள். எழுபத்தெட்டு வயதில் உன்னைப் பெஞ்சு மேல் ஏறச் சொல்லவில்லை. எழுவாயை எழுது. ஒரு சொல்தான்.

தங்கை

*

2014 பிப்ரவரி 13, வியாழக்கிழமை, காலை 10.15

அன்புள்ள தங்கைக்கு,

ஆசிகள். கண் தெளிந்துவிட்டது. உன் வீட்டார் அனைவரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். மலரைத் தனியே அஞ்சலில் அனுப்பியுள்ளேன். அதைப் பிரிப்பதற்கு முன் இதைப் படிக்கவும்.

ஜனவரி 22, புதன்கிழமை, நான் போதகரிடம் கொடுத்த வரி இது: "1991 செப்டம்பர் 23 அன்று, என் மனைவியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதற்காக, அவருடைய தம்பியாகிய நான் பள்ளிக்கு மொட்டைக் கடிதம் எழுதி, அவர் வேலையை முடித்துவைத்தேன்." எழுத நான்கு நாள் ஆயிற்று. எழுதிய பிறகு ஒரு நாள் நன்றாகச் சாப்பிட்டேன்.

போதகர் இளைஞர், பழைய கதை எதுவும் தெரியாது. வாசித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, இது துக்கத்துல எழுதினது. வீட்ல ஒருத்தர் போயிட்டா மிச்சம் இருக்கறவங்களுக்கு எல்லாமே தன் தப்பாத்தான் தெரியும்" என்றார். "துக்கம் இல்லை போதகரே, தகவல்" என்றேன். "தகவல் இருக்கட்டும்யா. பாஷைய மட்டும் நான் கொஞ்சம் பாத்துக்கறேன்" என்றார்.

பிப்ரவரி 5, புதன்கிழமை, அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தேன். வரி இப்படி மாறியிருந்தது: "நோயுற்ற தம்பி மனைவியைப் பேணும்பொருட்டு, தம்பியின் வேண்டுகோளை ஏற்று, 1991இல் தாமாகவே பணியைத் துறந்தார்." நான் அதிலேயே நெடுநேரம் நின்றதை அச்சகக்காரர் கவனித்தார். "என்ன சார், மாத்தணுமா? ஒரு வரிதானே. நீங்க டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள மாத்திடுவேன்" என்றார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பதினோராம் பக்கத்தில் ஓர் ஒற்றுப்பிழை இருந்தது. அதை மட்டும் திருத்தச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஒன்பதாம் தேதி மன்றம் நிறைந்திருந்தது. அந்த வரியைப் போதகர் ஒலிபெருக்கியில் வாசித்தார். எல்லாரும் என் பக்கம் திரும்பிக் கைதட்டினார்கள். எழுந்து நின்றேன். சொல்ல இடமிருந்தது. "நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

முடிந்து வெளியே வரும்போது முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் வழிமறித்தாள். "சார், டீச்சர் பாதிப் பாடத்துல எழுந்து போன அன்னைக்கு நான் அந்த வகுப்புல இருந்தேன். ஏதோ மோசடி பண்ணி மாட்டிக்கிட்டாங்கன்னு வீட்ல பேசிக்கிட்டாங்க. இவ்ளோ வருஷமா அதத்தான் நம்பிட்டு இருந்தேன். தம்பி கூப்பிட்டதுக்காகத்தான் போனாங்கன்னு இன்னைக்குத்தான் சார் தெரிஞ்சுது" என்றாள். அழுதாள். அவளோடு வந்திருந்த இருவரும் அதையே சொன்னார்கள்.

மோசக்காரி என்ற பேச்சு அன்று அங்கே நின்றுபோயிற்று. நீ கேட்டது அதுதான். உண்மை செய்திருக்க வேண்டியதை இந்தப் பொய் செய்தது. ஆகவே அப்படியே விடுவதே அக்காவுக்கு நன்மை என்று முடிவு செய்துள்ளேன். எனக்கும் நன்மைதான் என்பதை நீ எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

நீ கேட்டுக்கொண்டபடி உன்னை நீக்கிவிட்டேன். தொகுத்தவர்: தம்பி என்று மட்டும் இருக்கும்.

ஒரு முறை வந்து போனால் மகிழ்வேன்.

உன் அண்ணன்

*

10.3.2014

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கையின் வணக்கம். இங்கே எல்லாரும் நலம். உங்கள் கண் தெளிந்தது அறிந்து சந்தோஷம்.

மலர் கிடைத்தது. படத்தில் அக்கா யாரோ போல இருக்கிறாள். பல் தெரியச் சிரிக்கும் படத்தை எனக்கு அனுப்பிவிடுங்கள். உங்களுக்கு அது தேவைப்படாது.

அந்தப் பெண் சொன்னது உண்மையானால், அக்காவுக்குச் சேர வேண்டியது கோணல் வழியிலாவது வந்து சேர்ந்தது. அதைத் திரும்பப் பிடுங்க நான் யாருக்கும் எழுதப்போவதில்லை. உங்களுக்குக் கிடைத்த கைதட்டலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

போதகர் எனக்கும் எழுதியிருக்கிறார். அண்ணன் மனம் நொந்து போயிருக்கிறார், நீங்கள் வந்து ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொன்னால் தேறுவார் என்கிறார். நல்ல பையன். முழங்கால் வலி, பயணம் முடியாது என்று பதில் போட்டேன். அது பொய். முழங்கால் இந்த மாதம் நன்றாகவே இருக்கிறது.

எழுத்தரின் கடிதங்கள் இரண்டும் என் பெட்டியில் இருக்கின்றன. மகளுக்குக்கூடச் சொல்லவில்லை. யாருக்கும் சொல்லமாட்டேன். அக்கா சொல்லாமல் இருந்தாள் என்பதற்காக இல்லை. அவள் மனம் எனக்குக் கிடையாது. நான் வாயைத் திறந்தால், உங்களை மன்னித்துவிடச் சொல்லிப் பத்துப் பேர் என் வாசலில் வந்து நிற்பார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை